இருபது வரை எண்ணிய கை

"பங்குனி 23. அரக்கு. அப்பா வலது கை: 20, ஜில். அப்பா இடது கை: 3, சூடு. நான்: 1கூட வரல, ரொம்ப சூடு."

நாற்பது பக்க நோட்டு ஒன்றில், பென்சிலில், முதல் வரி இது. கையெழுத்து என்னுடையது. வருடம் போடவில்லை. பத்து வயதில் வருடத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மேலட்டையில் 'ஐந்தாம் வகுப்பு, கணக்கு' என்று இருக்கிறது. என் பள்ளிச் சான்றிதழோடு வைத்துப் பார்த்தால் 1968 என்று வருகிறது. பழைய நோட்டின் மீதித் தாள்களை மறு வருடம் எடுத்திருந்தேன் என்றால் 1969. இதற்கு மேல் நெருங்க முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் என்னோடு வளர்ந்து இப்போது என்னைப் போலவே மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் என் அப்பாவைக் குடிகாரர் என்று நினைத்திருந்தீர்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அவரும் விரும்பினார். ஆகவே மன்னிப்புக் கேட்கும் விஷயம் எதுவும் இதில் இல்லை. பதிவைச் சரிசெய்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டின் பின்கட்டில்தான் பட்டறை. இரண்டு செம்பு அண்டா, அடியில் விறகடுப்பு, சுவரோரம் சாயப்பொடி டப்பாக்கள். நூலைக் கொத்துக் கொத்தாக மூங்கில் குச்சிகளில் கோத்துச் சாயத் தண்ணீரில் இறக்கித் திருப்பிக்கொண்டே இருப்பார். தண்ணீரில் சூடு போதவில்லை என்றால் சாயம் பிடிக்காது. சூடு மீறிவிட்டால் ஒரே மூச்சில் பிடித்துத் திட்டுத் திட்டாக நின்றுவிடும், அப்புறம் அந்த நூலை எந்தப் புடவையிலும் வைக்க முடியாது. எனவே நூலை இறக்கும் அந்த நேரம்தான் எல்லாமே.

அந்த நேரத்தை விரலால் அளந்தார்கள். ஆள்காட்டி விரலின் நுனியைத் தண்ணீரில் வைத்து எண்ண வேண்டும். எத்தனையாவது எண்ணில் விரல் தானாக வெளியே வருகிறதோ அதுதான் அந்தச் சூட்டின் பெயர். அரக்குச் சிவப்புக்கு மூன்று, மாம்பழ மஞ்சளுக்கு ஐந்து. "தண்ணி மூணுல இருக்குது" என்று அப்பா சொன்னால் அம்மா ஈர நூலை எடுத்துக்கொண்டு வருவாள். அப்பாவின் மூன்று தப்பாது என்று ஊரில் பெயர். நூல் கொடுக்கும் முதலாளி கல்யாணப் புடவைக்கான அரக்கை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

பங்குனி 22 அன்று அப்பா விரலை வைத்து எண்ணினார். மூன்று வந்தது. ஐந்து வந்தது. பத்து தாண்டியது.

"அடுப்பு எரியுதா பாரும்மா" என்றார் என்னிடம்.

அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இருபது எண்ணிவிட்டு, "கெணத்துத் தண்ணியாட்டம் இருக்குது" என்றார். நான் தண்ணீரைத் தொட்டு அலறி விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் விரலைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அதில் ஒரு கொப்புளம் எழும்பி, சாய நிறத்தில் பளபளத்தது.

மறுநாள் என் கணக்கு நோட்டில் மீதமிருந்த தாள்களைக் கேட்டார்.

"நீ யார்கிட்டயும் சொல்லாத. எழுது. நான் சொல்றது, நீ தொட்டா வர்றது, ரெண்டையும் எழுது. தேதி போடு."

தேதி போடும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் போகவில்லை.

சித்திரை முதல் வாரத்துக்குள் நோட்டு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டது. அப்பாவின் வலது கைக்குச் சூடு தெரியவில்லை. இடது கைக்குச் சூடு தெரிந்தது, குளிர்ச்சிதான் தலைகீழாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் பட்டால் இடது பக்கம் முழுவதும், காலும் சேர்த்து, எரிந்தது. பானைத் தண்ணீரை இடது கையில் வாங்கிவிட்டுக் கொதிக்கும் காப்பியைத் தொட்டவர் போல் கை மாற்றிக்கொள்வார். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. அவருக்கு இல்லை.

அதற்கு முந்தைய வருடம் அவருடைய ஒரு கண் சில வாரங்கள் மங்கலாகி, பிறகு தானாகவே சரியாகியிருந்தது. அடுப்புப் புகை என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார்.

வைகாசியில் இடது கையின் எண்ணும் நம்ப முடியாமல் போயிற்று. ஒரு நாள் 3, ஒரு நாள் 9. அதன் பிறகு என் விரல் மட்டும்தான். ஆனால் என் விரல் பத்து வயது விரல். அவர் மூன்று எண்ணும் தண்ணீரில் என்னால் ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை. 'ஒ' என்று தொடங்கும்போதே விரல் வெளியே வந்துவிடும். அதனால் நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டோம். என் ஒன்றரை அவருடைய ஐந்து. என் அரை அவருடைய மூன்று. அரை என்றால் 'ஒ'. நம் ஊரில் எத்தனை கல்யாணப் புடவைகளின் சிவப்பு அந்த 'ஒ'வை நம்பி வந்தது!

என் விரலைச் சுட வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உடனே என் விரலைப் பிடித்து வெண்ணெய் தடவி, வாயால் ஊதுவார். ஒரு நாள் கம்பவுண்டரிடம் இருந்து ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அண்டாவில் வைக்க மனம் வராமல் சாயத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு அதற்குள் விட்டோம். 'டிக்' என்று ஒரு சத்தம். பாதரசம் சொம்பின் அடியில் குட்டிக் குட்டி உருண்டைகளாக ஓடியது. நான் பயந்து நின்றேன். அப்பா சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஜுரம் ஜாஸ்திமா. பொழைக்காது" என்றார்.

அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளிருந்து வந்து, "இன்னா கூத்து இங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றோம். அந்தத் தெர்மாமீட்டரின் கறுப்பு உறை நெடுநாள் என்னிடம் இருந்தது. வீடு மாறியதில் தொலைந்தது.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அம்மா சொல்லிவிடுவாள் என்று அப்பா பயந்தார். அவள் வம்பு பேசுகிறவள் இல்லை. கவலையில் யாரிடமாவது வைத்தியம் கேட்பாள், கேட்டால் தெரு முழுக்கத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும்.

இதற்கிடையில், கத்திரி வெயில் வந்தபோதே அடுத்த தொல்லை ஆரம்பித்திருந்தது. காலையில் அப்பா நேராக நடந்தார். பத்து மணிக்கு மேல், அடுப்பின் முன் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, கால் பின்னியது. நடுப்பகலில் தெருவில் இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. மாலையில் காற்று வந்ததும் மறுபடி சரியாகிவிடும். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆனால் சாராயம் எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் நேராகவும் மத்தியானம் கோணலாகவும் நடக்கிறவனைப் பற்றி ஊர் என்ன முடிவுக்கு வரும்?

"இன்னாபா, சூரியன் உச்சிக்கு வர்றதுக்குள்ள ஏத்திக்கினியா?" என்று எதிர்வீட்டுத் தறிக்காரர் தறிக் குழியில் இருந்தபடியே கேட்பார்.

"உனக்கும் வெச்சிருக்கேன், ராத்திரி வா" என்பார் அப்பா.

முதலாளியும் ஒரு நாள் வந்து பார்த்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எந்த வேஷம் வேணாப் போட்டுக்கோ. அரக்கு மட்டும் தப்பக் கூடாது" என்று சொல்லி நூலைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது என்றே நம்புகிறேன்.

"பாத்தியா கண்ணு. குடிகாரன்னா திட்டிக்கினே நூலு குடுப்பாங்க. கையில சூடு தெரியாதவன்னா பாவப்படுவாங்க, நூலு குடுக்க மாட்டாங்க. யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லு."

அதற்கு மறுநாளிலிருந்து அவர் கிராம்பு மெல்ல ஆரம்பித்தார். வாய் நாற்றத்தை மறைக்கக் குடிக்கிறவர்கள் கிராம்பு மெல்வது உங்களுக்குத் தெரியும். மறைக்க ஒன்றுமில்லாத என் அப்பா, மறைக்க ஏதோ இருக்கிறது என்று காட்டுவதற்காக மென்றார். மூக்குப்பொடி டப்பா ஒன்றில் போட்டு மடியில் வைத்திருப்பார். இன்றைக்கும் கிராம்பு வாசனை பட்டால் எனக்கு அப்பாவும் ஈரப் பட்டும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.

பெரியவர்கள் அன்பினால் செய்த தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். அப்பாவின் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று முடிவு செய்த அம்மா, சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். குளித்து முடித்த அப்பாவால் பலகையிலிருந்து எழவே முடியாது. அரை மணி நேரம் ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார். "பாரு, எண்ணெ சூட்டை எப்படி இழுக்குதுன்னு" என்று அம்மா திருப்திப்படுவாள். அவருடைய கால்களுக்கு வெந்நீர்தான் விஷம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு சனிக்கிழமையிலிருந்து அம்மா வெந்நீர் போடுவதை நிறுத்திவிட்டாள். எந்தச் சனிக்கிழமை என்று நான் குறித்து வைக்கவில்லை. அது சாயக் கணக்கு இல்லை என்று விட்டிருக்கிறேன். அந்த ஒரு தேதிக்காக இன்று நான் நோட்டின் மற்ற எல்லாத் தேதிகளையும் கொடுத்துவிடுவேன்.

தனக்கான வைத்தியத்தை அப்பாவே கண்டுபிடித்தார். வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு சர்வதீர்த்தக் குளத்துக்குப் போவார். ஆள் இல்லாத பக்கமாகப் படியில் இறங்கிக் கழுத்துவரை தண்ணீரில் உட்காருவார். நான் மேல்படியில் காய்ந்த வேட்டியோடு காவல். குளத்துத் தண்ணீர் அவருடைய இடது பக்கத்தை எரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். ஆனால் எழுந்தால் நேராக நடப்பார்.

"எரியுதாப்பா?"

"எரியுது."

"அப்ப ஏறிடுப்பா."

"எரியட்டும்மா. காலு திரும்பி வருதுல்ல."

வைகாசிக் கடைசியில் மாகறலில் இருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். பயிர் வைப்பவர், சிவன் கோயிலில் விளக்குப் போடாமல் சாப்பிட மாட்டார். ஊர்ப் பேச்சு மாகறல் வரை போயிருந்தது. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. பொய் சொல்ற பொண்ணு இல்ல நீ. உங்கப்பா குடிக்கிறாரா?"

அம்மா முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. எதைச் சொல்வது என்பதை எனக்கே விட்டிருந்தார் என்று இப்போது புரிகிறது. இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் இப்படி நடக்கிறார் என்று மாமா கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் அண்டாக்கள் கவிழ்ந்துவிடும்.

"ஆமா மாமா" என்றேன்.

"எத்தினி நாளா?"

"பங்குனியிலேர்ந்து."

தேதியைக்கூடச் சரியாகத்தான் சொன்னேன்.

மாமா அம்மாவிடம் திரும்பினார். "பெட்டியைக் கட்டு. பொண்ணையும் கூட்டிக்கினு கெளம்பு. கோயில் அம்மனுக்குப் பாவாடை நெய்யிற தெரு இது, இங்க ஒருத்தன் பட்டப்பகல்ல தள்ளாடிக்கினு போறான், நீ முறத்தை வெச்சிக்கினு உக்காந்திருக்கே."

அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் வரலண்ணா."

"குடிக்கிறான்னு அவன் பெத்த பொண்ணே சொல்லுது."

"குடிச்சா குடிச்சிட்டுப் போறாரு. சோறு வடிக்கிறேன், கை கழுவு."

அந்த வார்த்தை அன்று எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. நான் பொய் சொல்லி இரண்டு மாதத்து ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இவளோ அது ஒன்றுமே இல்லை என்பது போல் அரிசியைப் புடைக்கிறாள். பின்கட்டுக்கு ஓடிப்போய் அழுதேன். அப்பா சாயக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். என் தலை அவருக்குச் சூடாகத் தெரிந்ததா ஜில்லென்று தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

மாமா கிளம்பவில்லை. சாராயம் எங்கே விற்கிறது என்று பிடித்துவிடுவது என்று தங்கிவிட்டார். மறுநாள் மத்தியானம் அப்பாவும் நானும் கிளம்பியதும் எங்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். அப்பா தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான், குளத்தங்கரையில் ஒரு சின்னக் கோயிலின் மறைவில் மாமாவின் துண்டைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. படி இறங்கி வந்தார்.

"இதுக்குத்தான் தெனம் வர்றியா மாப்ள?"

அப்பா கண்ணைத் திறந்தார். "மச்சான், இந்தத் தண்ணியில கைய வையேன்."

மாமா வைத்தார்.

"எப்படி இருக்குது?"

"ஜில்லுனு இருக்குது."

"எனக்கு இந்தப் பக்கமெல்லாம் காய்ஞ்ச எண்ணெயில உக்காந்த மாதிரி இருக்குது."

"அப்ப இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கே?"

"எழுந்தா நடப்பேன். நடந்து காட்டட்டா?"

நடந்து காட்டினார். ஈர வேட்டியோடு ஒரு படியில் நேர்கோடாக, அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். பிறகு வலது கையின் தழும்புகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். நோட்டைப் பற்றியும் சொன்னார். மாமா என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நுனி காய்த்திருந்தது.

"இத்தினியூண்டு இருந்துக்கினு என்னியே ஏமாத்திட்டியே" என்றார்.

யாரிடமும் சொல்வதில்லை என்று மாமா குளத்துத் தண்ணீரைக் கையில் எடுத்துச் சத்தியம் செய்தார். திரும்பும்போது வெயில் குறையவில்லை. தெரு முனைக்கு வருவதற்குள் அப்பாவின் கால் மறுபடி பின்னத் தொடங்கியது. மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். பிறகு அவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுத் தறிக்காரர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா, மச்சானுமா?"

"ஆமா" என்றார் மாமா. "நீ ஒருத்தன்தான் பாக்கி. வா."

விளக்குப் போடாமல் சாப்பிடாத மனிதர். குடிகாரர் என்ற பெயர் மாகறல் வரை போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவர் அதைக் கடைசிவரை மறுக்கவில்லை.

அப்பா அதன் பிறகு எட்டு வருடங்கள் சாயம் போட்டார். முதல் நான்கு வருடம் என் விரல். நான் வயதுக்கு வந்து, அம்மா என்னைப் பட்டறைக்கு விடுவதைக் குறைத்தபோது மாமா சென்னையிலிருந்து ஒரு நீளமான தெர்மாமீட்டர் வாங்கி வந்தார், வெந்நீரில் வெடிக்காதது. மூன்று என்பதும் ஐந்து என்பதும் எத்தனை டிகிரி என்று ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். அந்தத் தாளும் நோட்டில் ஒட்டியிருக்கிறது.

நடக்க முடியாமல் போன பிறகுதான் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒரு இளம் டாக்டர் கையைக் குண்டூசியால் குத்தியும், சூடான சோதனைக் குழாயையும் குளிர்ந்த குழாயையும் மாற்றி மாற்றி வைத்தும் பார்த்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம் என்றார். நரம்பைச் சுற்றியிருக்கும் உறை அங்கங்கே அழிந்துபோகிறது, சேதி போகும் வழியில் மாறிவிடுகிறது, உடம்பு சூடானால் இன்னும் மோசமாகும் என்று விளக்கினார். அப்பா கவனமாகக் கேட்டார்.

"ஜரிகையில மேல் சுத்தின வெள்ளி உரிஞ்சா உள்ள இருக்கிற நூலு தெரியுமே, அப்படியா சார்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே மாதிரிதான் என்றார். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. வரும் வழியெல்லாம், "நான் குடிக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று சிரித்துக்கொண்டு வந்தார்.

அப்பா போய், மாமா போய், ஆறு வருடத்துக்கு முன் அம்மாவும் போனாள். ஆஸ்பத்திரிச் சீட்டு வந்த பிறகு எல்லாமே வெளிப்படையாகிவிட்டதால் அந்த வைகாசியைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அப்போதே தெரியுமா என்று நான் மாமாவிடம் மட்டும் ஒரு முறை கேட்டேன். அம்மாவிடம் தான் சொல்லவே இல்லை என்றார். சொல்லியிருந்தாலும் என் கேள்விக்கு அது பதில் ஆகாது. ஏனென்றால் 'குடிச்சா குடிச்சிட்டுப் போறாரு' என்று அம்மா சொன்னது முதல் நாள். மாமா குளத்தைப் பார்த்தது மறுநாள்.

ஒரு தடயம் இருக்கிறது. அப்பாவின் கிராம்பு டப்பா அந்தக் கோடை முழுவதும் காலியாகவே இல்லை. அப்பா மளிகைக் கடைக்குப் போனதில்லை. நான் வாங்கவில்லை. ஒரு காலையில், அப்பா குளித்துக்கொண்டிருக்கும்போது, கொடியில் கிடந்த வேட்டி மடிப்பிலிருந்து அம்மா அந்த டப்பாவை எடுத்து, பொட்டலம் ஒன்றிலிருந்து நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்ததைப் பார்த்தேன். என்னை அவள் பார்க்கவில்லை. அது மாமா வருவதற்கு முன்னால் என்பது நிச்சயம், எனக்கு அப்போது கோடை லீவு விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

புருஷன் குடிக்கிறான் என்று நம்பும் ஒரு பெண், அந்த நாற்றம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்று கிராம்பை நிரப்பியிருக்கலாம். அவன் குடிக்கவில்லை என்று தெரிந்த ஒரு பெண், அவனுடைய பொய்க்கு வாசனை குறையக் கூடாது என்றும் நிரப்பியிருக்கலாம். என் அம்மா இரண்டுமே செய்யக்கூடியவள். முறத்தோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அன்று உண்மை தெரிந்திருந்ததா என்பது, இதை எழுதும் இந்த நாள் வரை, உறுதி செய்யப்படவில்லை.